பழைய சுழல்துப்பாக்கிகளும் புதிய படிகளும்

உலோக உறைத் தோட்டா பரவுவதற்கு முன்னர், உருளையின் அறைகளில் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் முன்புறமாக இட்டுக் கெட்டித்து, பின்புறத்தே சிறு செப்புத் தொப்பிகளைப் பொருத்திச் சுடும் ரிவால்வர்கள் அமெரிக்காவில் பெருக வழங்கின. சாமுவேல் கோல்ட் 1836இல் உரிமம் பெற்ற இம்முறை, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இருதிறத்தாராலும் கையாளப்பட்டது. அப்போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் பிற்பகுதியில், இத்தாலியப் பட்டறைகள் அவற்றைப் படியெடுக்கத் தொடங்கின. படியை மூலமெனக் கொள்வார் எங்ஙனம் இடறுவர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கோல்ட்டின் 1851ஆம் ஆண்டுக் ‘கடற்படை’ வகை எண்பட்டைக் குழலும், 0.36 அங்குலப் புழையும், இரும்புச் சட்டமும் உடையது. இரண்டு இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. இன்று அதே பெயரால் விற்கப்படும் படிகளுள் பித்தளைச் சட்டமும் 0.44 அங்குலப் புழையும் கொண்டன பல. அத்தகையதொன்றைக் கோல்ட் நிறுவனம் விற்பனைக்குச் செய்ததே இல்லை.

பின்னர் இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? பித்தளைச் சட்டம் தென்மாநிலத்தாருடையது. இரும்பும் எஃகும் அரிதாகிவிட்ட ஜார்ஜியாவில், கிரிஸ்வோல்ட்வில் என்னும் ஊரில், 1862 முதல் 1864 வரை ஏறத்தாழ 3,600 ரிவால்வர்கள் பித்தளைச் சட்டத்துடன் செய்யப்பட்டன. ஆயினும் அவற்றின் புழை 0.36, குழலோ பெரும்பாலும் உருண்டை வடிவினது. 0.44 அங்குலப் புழையும் முன்பாதி பருத்த படியுருளையும் கோல்ட்டின் 1860ஆம் ஆண்டுத் ‘தரைப்படை’ வகைக்கு உரியன. ஆகவே மூன்று மூலங்கள் ஒரு படியில் கலந்துள்ளன. ஏடு பெயர்த்தெழுதுவோர் வெவ்வேறு சுவடிகளின் பாடங்களை ஒரே செய்யுளில் கலந்துவிடுதலை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இக்கலப்பு தோற்றத்தளவில் நிற்பதில்லை. பித்தளை எஃகினும் மென்மையானது. மிகுந்த மருந்திட்டுப் பன்முறை சுடின் சட்டம் நீண்டு, உருளை தளர்கிறது. அப்படியைச் சுட்டுப் பார்த்து, கோல்ட்டின் பழைய அமைப்பே வலிவற்றது என முடிவு கட்டுவோர் கூற்று ஏற்புடைத்தன்று.

ரெமிங்டன் வகையில் குழப்பம் பெயரைப் பற்றியது. உருளையின் மேலும் சட்டம் வளைந்து மூடும் அந்த ரிவால்வரின் குழலில் 1858 செப்டம்பர் 14 என்னும் உரிம நாள் பொறிக்கப்பட்டிருக்கும். அதுகொண்டு படிகள் ‘1858’ என வழங்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்கு மூலமாகிய ‘புதிய தரைப்படை’ வகை 1863இல்தான் வெளிவரத் தொடங்கிற்று.

இத்தாலியப் படிகளில் சோதனை நிலைய முத்திரை இருக்கும். பழையதெனக் காட்ட விழைவோர் அதனைத் தேய்த்தழிப்பதுண்டு. அந்நிலையில் ‘1851 கடற்படை’ எனப்படுவதன் புழையை அளத்தல் முதற் சோதனையாகும். 0.36 எனின் ஐயம் தீராது, 0.44 எனின் அது கோல்ட்டின் மூலமன்று.