உயர் பதவிகளும் மக்கள் மன்றமும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களும், அவற்றோடு அடுத்தடுத்து அமைந்த தமிழ் ஊர்களும் ஆங்கிலேயர் காலத்திலே பற்றுகளாக வகுக்கப்பட்டிருந்தன. கரைவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப் பற்று என்னும் பெயர்கள் முதியோர் நாவில் இன்னும் நிலைத்துள்ளன. பற்றுக்கு ஒரு வன்னியனார், அவருக்குக் கீழே உடையார், ஊருக்குப் பொலிஸ் விதானை என்று ஓர் ஏணி இருந்தது. அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் யார் நிற்பதென்பதை மட்டக்களப்புக் கச்சேரியில் வீற்றிருந்த அரசாங்க ஏசண்டர் முடிவு செய்தார். குடும்பச் செல்வாக்கும் விசுவாசமும் அவர் கவனித்த தகுதிகள். ஊராரைக் கேட்கும் வழக்கம் இல்லை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை ஒருவரே வயற்காரர் கூடிய கூட்டத்தில் தெரிவாகி வந்தார். மடை திறக்கும் மனிதனைத் தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு இருந்தது. வழக்கு விசாரிக்கும் மனிதனைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கவில்லை.

விதானை முறை 1963 ஆம் ஆண்டில் ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. ஆயினும் அந்தப் பழைய வினா ஒழியவில்லை. அது கச்சேரியை விட்டுக் கொழும்புக்குப் போயிற்று. ஆணைக்குழுக்களிலும் உயர் பதவிகளிலும் அமர்வோரை ஆட்சித் தலைவர் தம் விருப்பப்படி நியமிக்கலாமா, அன்றி மக்கள் மன்றம் ஒருமுறை அவர்களை நிறுத்திப் பார்த்த பின்னரே நியமிக்க வேண்டுமா என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு உலகில் முதன்முதலாக எழுத்தில் விடை கண்டவர்களுள் அமெரிக்கர் முக்கியமானவர். 1787 இல் அவர்கள் வகுத்த அரசியலமைப்பின்படி சனாதிபதி பெயரைச் சொல்லலாம். செனற் சபையின் இசைவு பெற்ற பின்னரே அப்பெயர் பதவியாகும். இது வெறும் சடங்கன்று. நாட்டின் தந்தையெனப் போற்றப்பட்ட வாஷிங்டன் பிரதம நீதியரசர் பதவிக்கு முன்மொழிந்த ஜோன் ரட்லெட்ஜ் என்பவரை 1795 இல் அச்சபை 14 வாக்குகளுக்கு எதிராக 10 என்ற கணக்கில் நிராகரித்தது. பிரித்தானியாவிலோ இவ்வழக்கம் வெகு தாமதமாகவே வந்தது. சில உயர் பதவிகளுக்கு உரியோரைப் பாராளுமன்றத் தெரிவுக் குழுக்கள் முன்கூட்டியே விசாரிக்கும் முறை அங்கே 2008 இல்தான் தொடங்கியது. அங்கும் குழு கருத்துச் சொல்லலாமே அன்றித் தடுக்க இயலாது.

பிரித்தானியரைப் பார்த்தே யாப்பு எழுதிய இலங்கையில் ஆதியில் இத்தகைய விசாரணைக்கு இடமே இருக்கவில்லை. சோல்பரி யாப்பின் கீழும் ஒரு செனற் சபை இருந்தது. மருதமுனையைச் சேர்ந்த மசூர் மௌலானா அமர்ந்த சபை அதுவே. பெயரொற்றுமையைத் தவிர அமெரிக்கச் சபையோடு அதற்கு உறவில்லை. எவருடைய நியமனத்தையும் அது விசாரித்ததில்லை. 1971 இல் அது ஒழிக்கப்பட்டபோது அழுதோர் சிலரே.

எனினும் சோல்பரி யாப்பு வேறொரு வேலியைப் போட்டிருந்தது. அரசாங்க சேவை ஆணைக்குழுவையும் நீதிச் சேவை ஆணைக்குழுவையும் மந்திரிமாரின் கைக்கு எட்டாத் தொலைவில் அது வைத்தது. ஆணைக்குழுவின் முடிவை வசப்படுத்த முயல்வதையே குற்றமாக்கியது. அந்த வேலி எவ்வளவு உறுதியானதென்பதை 1964 இல் நாடு கண்டது. இலஞ்ச வழக்குகளை விசாரிக்க அமைக்கப்பட்ட மன்றங்களின் உறுப்பினர்கள் நீதி மந்திரியின் ஆலோசனைப்படி நியமிக்கப்பட்டிருந்தனர். ரணசிங்க என்பவரின் வழக்கில், நீதி செலுத்துவோரை நியமிக்கும் உரிமை நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கே உரியது, ஆதலின் அம்மன்றத்தின் தீர்ப்பு செல்லாது என இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. இலஞ்சத்தை ஒழிக்கும் நல்ல நோக்கமுங்கூட, நியமனம் பிழையான வழியில் வந்தபடியால், நீதிமன்றத்தில் நிற்க முடியாமற் போயிற்று.

1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு அந்த வேலியைப் பிடுங்கியது. அரசாங்க ஊழியரை நியமிக்கும் அதிகாரம் மந்திரிசபைக்குச் சென்றது. ஆணைக்குழுவின் இடத்தில் ஆலோசனை கூறும் சபையொன்றும் ஒழுக்காற்றுச் சபையொன்றும் வந்தன. 1978 ஆம் ஆண்டின் யாப்பு ஆணைக்குழுவை மீண்டும் பெயரளவில் நிறுவியது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவரோ நிறைவேற்று அதிகாரம் பெற்ற சனாதிபதி. நீதியரசரையும், சட்டமா அதிபரையும், பொலிஸ் மா அதிபரையும் அவரே நியமித்தார். எவர் முன்னும் எவரும் நிறுத்தப்படவில்லை. வன்னியனாரை நியமித்த ஏசண்டருக்காவது மேலே ஒரு தேசாதிபதி இருந்தார்.

இந்நிலை மாறிய கதையிலேதான் கிழக்குக் கரை உள்ளே வருகிறது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரப் 1981 இல் தோற்றுவித்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1994 முதல் அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது. 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், அவருக்குப்பின் தலைமையேற்ற ரவூப் ஹக்கீம் மந்திரி பதவியிலிருந்து நீக்கப்பட, அக்கட்சியின் உறுப்பினர் பலர் எதிரணிக்குச் சென்றனர். அரசாங்கம் பெரும்பான்மை இழந்தது. பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. ஆட்சியைக் காப்பாற்ற மக்கள் விடுதலை முன்னணியின் ஆதரவை நாடவேண்டி வந்தது. அம்முன்னணி கேட்ட விலைகளுள் ஒன்று சுயாதீன ஆணைக்குழுக்கள். அவ்வாறே 17 ஆவது திருத்தம் எதிர்வாக்கின்றி நிறைவேறி, 2001 ஒக்டோபர் 3 ஆம் திகதி சட்டமாயிற்று. கரையோர மக்களின் வாக்குப் பெற்ற ஒரு கட்சி நாற்காலி மாறி அமர்ந்திராவிடில் அத்திருத்தம் அவ்வாண்டில் வந்திருக்குமா என்பது ஐயமே. பெரிய சீர்திருத்தங்கள் பல நெருக்கடியின் பிள்ளைகளாகவே பிறக்கின்றன, இதுவும் அப்படித்தான்.

அத்திருத்தம் அமைத்த அரசியலமைப்புப் பேரவையில் பதின்மர் இருந்தனர். சபாநாயகர் தலைவர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், சனாதிபதியின் நியமனம் பெற்ற ஒருவர், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒத்துப் பெயர் சொல்லும் ஐவர், சிறு கட்சிகள் அனுப்பும் ஒருவர் என அதன் அமைப்பு இருந்தது. அந்த ஐவருள் மூவர் சிறுபான்மையினரின் நலனைப் பேணுவோராய் இருத்தல் வேண்டும் என்று யாப்பிலேயே எழுதப்பட்டது. வேலையும் இரு வகைப்பட்டது. தேர்தல், பொலிஸ், அரசாங்க சேவை, மனித உரிமை முதலிய ஆணைக்குழுக்களுக்குப் பேரவை சொல்லும் பெயர்களையே சனாதிபதி நியமிக்கலாம். பிரதம நீதியரசர், சட்டமா அதிபர் போன்ற பதவிகளுக்கோ சனாதிபதி பெயர் சொல்ல, பேரவை இசைவு தருதல் வேண்டும். முன்னதில் பேரவை முதலில் பேசும். பின்னதில் கடைசியாகப் பேசும்.

ஏட்டில் இவ்வளவு செம்மையாக இருந்த திட்டம் நடைமுறையில் நொண்டியது. பேரவை தேர்தல் ஆணைக்குழுவுக்கு விதந்துரைத்த தலைவரை அன்றைய சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நியமிக்க மறுத்தார். ஆணைக்குழு பிறக்கும்வரை பழைய தேர்தல் ஆணையாளரே பதவியிலிருக்க வேண்டும் என்பது திருத்தத்தின் விதி. ஆணைக்குழு பிறக்கவேயில்லை. ஆகவே ஆணையாளர் தயானந்த திசாநாயக்க ஓய்வு கேட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றும் ஓய்வு பெறாது 2011 வரை தேர்தல்களை நடத்தினார். பதவி கேட்டு நடப்போரையே கண்டு பழகிய நாட்டில், விடுதலை கேட்டு நடந்த அதிகாரி அவர். மறுபுறம் பொலிஸ் ஆணைக்குழு, தேர்தல் வேளைகளில் அதிகாரிகளை இடம்மாற்றும் பழைய வழக்கத்துக்குத் தடைபோட்டுத் தன் பயனைக் காட்டியது.

2005 மார்ச்சில் முதற் பேரவையின் காலம் முடிந்தது. சிறு கட்சிகள் அனுப்பவேண்டிய அந்த ஒருவர் யார் என்பதில் உடன்பாடு ஏற்படாத காரணங் காட்டிப் புதிய பேரவை அமைக்கப்படவில்லை. 2006 இல் சனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஆணைக்குழுக்களைத் தாமே நியமித்தார். ஒரு நாற்காலி வெறுமையாய்க் கிடந்ததால் ஒன்பது நாற்காலிகளும் வெறுமையாயின.

2010 செப்டெம்பரில் 18 ஆவது திருத்தம் 161 வாக்குகளுடன், 17 வாக்குகளே எதிர்த்து நிற்க, நிறைவேறியது. பேரவையின் இடத்தில் ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவை வந்தது. சனாதிபதி அவர்களின் கருத்தைக் கேட்பார். கேட்ட பின் தம் விருப்பப்படி நியமிப்பார். நாட்டில் எவரும் அழைக்காவிடினும் விருந்துக்கு வந்து, பந்தியில் அமராமல் திரும்புவோர் உண்டு. அப்பேரவையின் நிலையும் ஏறக்குறைய அதுவே. சிறுபான்மையினருக்கு இருந்த மூன்று ஆசனங்கள் போயின. ஐவருள் இருவர், ஏனைய மூவரின் சமூகத்தைச் சேராதவராய் இருத்தல் வேண்டும் என்ற விதி மட்டும் எஞ்சியது.

அத்திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரசின் உறுப்பினர் எண்மரும் ஆதரவளித்தனர். கணக்குப் பார்ப்பின், அந்த எட்டு வாக்குகள் இன்றியும் மூன்றில் இரண்டுக்கு வேண்டிய 150 தேறியிருக்கும். ஆதலால் அவர்களே அதனை நிறைவேற்றினர் என்று சொல்லுதல் நீதியன்று. ஆயினும் தம் சமூகத்துக்கு யாப்பில் எழுதிக் கிடைத்த ஆசனத்தைத் தம் கையாலேயே ஒப்புக்கொடுத்தனர் என்பதை வரலாறு எழுதாமல் விடமுடியாது. ஆட்சியோடு நின்றால் ஊருக்கு வீதியும் வேலைவாய்ப்பும் வரும் என்ற நியாயம் கரையோர ஊர்களில் என்றும் வலுவுள்ளது. பசித்தவனிடம் அதை மறுத்துப் பேசுவதும் எளிதன்று. வீதியைக் கண்ணால் காணலாம். பேரவையைக் காண முடியாது.

2015 ஏப்பிரல் 28 ஆம் திகதி 19 ஆவது திருத்தம் நிறைவேறிப் பேரவை மீண்டது. அன்று எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அதை அளித்த சரத் வீரசேகர அக்காலத்தில் திகாமடுல்ல மாவட்டத்தின் பிரதிநிதி. அதாவது கல்முனையும் அக்கரைப்பற்றும் அடங்கிய அதே மாவட்டத்தவர். அவர் கொள்கையை ஏற்காதோரும் அவர் தனித்து நின்றதை மறுக்கார். புதிய பேரவையில் எழுவர் பாராளுமன்ற உறுப்பினர், வெளியார் மூவரே. அம்மூவராக ஏ. ரி. ஆரியரத்தினவும், இராதிகா குமாரசுவாமியும், முன்னாள் சட்டமா அதிபர் சிப்லி அசீசும் வந்தனர். ஒரு சிங்களவர், ஒரு தமிழர், ஒரு முஸ்லிம். சனாதிபதி 14 நாளுக்குள் நியமிக்காவிடில் நியமனம் நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதியும் சேர்ந்தது. பழைய நொண்டிக் காலுக்குக் கட்டப்பட்ட கட்டு அது. 14 ஆண்டுகள் பிறவாதிருந்த தேர்தல் ஆணைக்குழு அவ்வாண்டு நவம்பரில் பிறந்தது.

அதன் ஆயுளும் நீடிக்கவில்லை. 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளுடன், 65 வாக்குகள் எதிர்க்க, நிறைவேறியது. ஐவர் பேரவை திரும்பியது. இம்முறை கணக்கு வேறு. எதிரணியிலிருந்து உயர்ந்த எட்டுக் கைகளைக் கழித்தால் 148 தான் எஞ்சும், 150 தேறாது. அந்த எட்டில் நான்கு முஸ்லிம் காங்கிரசாருடையவை. அந்நால்வருள் இருவர் அம்பாறைக் கரையின் பிரதிநிதிகள். கட்சித் தலைவரோ எதிர்த்து வாக்களித்தார். ஒரே கட்சி, ஒரே நாள், இரண்டு விடை.

2022 ஒக்டோபர் 21 ஆம் திகதி, நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி ஆட்சி மாறிய ஆண்டில், 21 ஆவது திருத்தம் வந்து பத்துப் பேர் பேரவையை மூன்றாம் முறையாக அமைத்தது. அன்றும் எதிர்வாக்கு ஒன்றே. அளித்தவரும் முன்பு அளித்த அதே சரத் வீரசேகரவே. இப்பேரவையும் சோதனைக்குத் தப்பவில்லை. 2024 இல் பொலிஸ் மா அதிபர் நியமனத்துக்கு நால்வர் இசைந்தனர், இருவர் மறுத்தனர், இருவர் எப்பக்கமும் சேரவில்லை. முடிவுக்கு ஐவரின் இசைவு வேண்டுமென்பது விதி. வாக்குகள் சமமாகும்போது மட்டும் அளிக்கத்தக்க தம் வாக்கைச் சபாநாயகர் சேர்த்து ஐந்தாக்கினார். விடயம் உயர் நீதிமன்றம் சென்றது. ஜூலை மாதத்தில் இடைக்காலத் தடை விழுந்தது. மௌனமாய் இருந்தவர்களை எப்பக்கத்தில் எண்ணுவது என்ற சிறு கேள்வி நாட்டின் பொலிஸ் தலைமையையே ஆட்டிவிட்டது.

பேரவையின் வரம்புக்குள் வராத பதவிகளும் பல உண்டு. அமைச்சுச் செயலாளர், தூதுவர், அரசாங்கக் கூட்டுத்தாபனங்களினதும் சபைகளினதும் தலைவர் ஆகியோரின் பெயர்கள் பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழுவின் முன் வருகின்றன. அவ்வாறு வரும் பெயர்கள் பத்திரிகைகளில் விளம்பரமாகி, தகுதியைப் பற்றிச் சொல்லவிருப்போர் எழுத்தில் தெரிவிக்குமாறு பொதுமக்கள் அழைக்கப்படுவதுண்டு. சாய்ந்தமருதில் கடை வைத்திருப்பவரும் நிந்தவூரில் நெல் விளைவிப்பவரும் அவ்வழைப்பின்படி ஒரு கடிதம் எழுதலாம். வட்டை விதானையைத் தெரிந்த கூட்டத்துக்குப் பின், கரையோரத்தான் ஒருவனிடம் அதிகாரியின் தகுதியைப் பற்றி அரசு கேட்கும் அரிய வேளை அதுவே. அவ்விளம்பரங்கள் வெளிவரும் பக்கத்தைப் பலர் மரண அறிவித்தலுக்காகவே புரட்டுகின்றனர்.

ஆயினும் கல்முனை மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் நியமனங்களுட் பெரும்பாலானவை கொழும்பில் நிகழ்வனவும் அல்ல. தேசிய பாடசாலையான சாஹிராக் கல்லூரியின் ஆசிரியர்கள் மத்திய அரசின் கீழ் வருவர். அவர்களுக்கு மேலேயுள்ள அரசாங்க சேவை ஆணைக்குழு அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையால் அமைவது. அதே ஊரின் மாகாணப் பாடசாலை ஆசிரியருடைய நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று விசாரணையும் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளன. 1987 ஆம் ஆண்டின் மாகாண சபைகள் சட்டப்படி அவ்வாணைக்குழுவின் உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார். ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கிறார். அவ்விரு நியமனங்களையும் அரசியலமைப்புப் பேரவை பார்ப்பதில்லை. மாகாண சபையின் இசைவைக் கேட்கவேண்டும் என்ற விதியும் சட்டத்தில் இல்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்து, பின்னர் பல்லாண்டுகள் தேர்தலின்றிக் கழிந்தபோது, கேட்பதற்குச் சபையே இருக்கவில்லை. அந்த ஆண்டுகளிலும் திருகோணமலையில் ஆணைக்குழு கூடியது. இடமாற்றக் கடிதங்கள் கல்முனைக்கு வந்துகொண்டிருந்தன.