கூரை இல்லாத காரும் மச்சானின் முழங்காலும்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து என் அக்கா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அப்பாவைப் போலவே அவனும் சொல்தா. ஓய்வு பெற்று, தென் கடற்கரையில் ஃப்ரெஜூஸ் ஊரில் இருக்கிறான். நலம் விசாரித்து முடித்ததும், "மாமா, ஒரு தெகாப்போத்தாப்ள் வாங்கலாம்னு இருக்கேன். மஸ்டாவா, பெஜோவா? நீங்க சொல்றதுதான்" என்றான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அரசு உத்தியோகத்தில் ஒன்பது வருடம் வண்டிப் பதிவு, வரிக் கோப்புகளைப் பார்த்தவன், அவ்வளவுதான். நம் ஊரில் வரி குறைவு என்பதால் எங்கெங்கோ ஓடுகிற விலையுயர்ந்த கார்களெல்லாம் காகிதத்தில் புதுச்சேரிக்காரர்களாக இருந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் காகிதங்களில் முத்திரை குத்திவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தவன் நான். என்னிடம் ஏன் கேட்கிறான் என்றால், சின்ன வயதிலிருந்து எதைக் கேட்டாலும் நான் பழைய கதையோடு பதில் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பழைய கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தெகாப்போத்தாப்ள் என்றால் கூரையைக் கழற்றக்கூடிய வண்டி. 'கப்போத்' என்பது வண்டியின் மேல் போடும் துணிக்கூரை. சிப்பாய் குளிரில் போட்டுக்கொள்ளும் நீளமான கம்பளிக் கோட்டுக்கும் அதே பெயர்தான். மச்சானுடைய கப்போத் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் வெகுநாள் நாப்தலின் உருண்டை வாசனையோடு கிடந்தது. இங்கே அதைப் போட ஏது குளிர்! (பெஜோவின் சரியான உச்சரிப்பு வேறு. அதை ழகரம் போட்டு எழுதினால் தமிழாசிரியர்கள் அடிக்க வருவார்கள், அதனால் பெஜோ என்றே எழுதுகிறேன்.)

ஆரம்ப காலத்தில் கார் என்றாலே திறந்த வண்டிதான். குதிரை வண்டிக்குப் போட்ட துணியையே காருக்கும் போட்டார்கள். மூடிய உடல் கட்டச் செலவு அதிகம், எடையும் அதிகம். சாதாரண மனிதன் ஏறக்கூடிய விளையாட்டுக் கார் பிரான்சில் பிறந்ததற்குக் காரணம் வேகத்தின் மேலிருந்த ஆசை மட்டுமல்ல, வரியும்தான். 1920இல் ஒரு சட்டம் வந்தது. 350 கிலோவுக்கு மேல் போகாத, 1,100 கன சென்டிமீட்டருக்குள் எஞ்சின் உள்ள, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டிக்கு வருடத்துக்கு 100 பிராங்க் வரி கட்டினால் போதும். அதற்கு 'சிக்ள்கார்' என்று பெயர். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு வரி விதி ஒரு வண்டிக்கே உருவம் கொடுத்திருக்கிறது! எடையைக் குறைக்க எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் விட்டார்கள். கூரை முதலில் போயிற்று. அடுத்த ஆண்டே அமில்கார் கம்பெனி வந்தது. லாமி, அக்கார் என்ற இரண்டு பேரின் பெயர்களைக் கலைத்துப் போட்டுச் சேர்த்த பெயர் அது.

அமில்கார் என்றதும் நீஸ் நகரத்து விபத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1927 செப்டம்பர் 14ஆம் தேதி இரவு அமெரிக்க நாட்டியக்காரி இசடோரா டங்கன் ஒரு திறந்த அமில்காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டுத் துணி. வண்டி கிளம்பியதும் துணியின் முனை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. வண்டி புகாட்டி என்று பலர் எழுதிவிட்டார்கள். பெரிய சாவுக்குப் பெரிய கார் வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. நீஸ், என் அக்கா மகன் இருக்கும் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. இந்தக் கதையை அவனுக்கு முதலிலேயே சொல்லிவைத்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கதை இங்கிலாந்துக்குப் போகிறது. ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் எம்.ஜி. கம்பெனி 1945இல் டி.சி. என்ற இரண்டு சீட் வண்டியைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டில் பத்தாயிரம் வண்டிகள். அமெரிக்காவுக்குப் போனவை அதில் ஒரு பங்குதான், ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஆனாலும் அங்கே அது ஒரு பைத்தியத்தையே கிளப்பிவிட்டது. அதன் பிறகு டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, இத்தாலியிலிருந்து ஆல்ஃபா ரோமியோ என்று வரிசையாக வந்தன. 1962இல் வந்த எம்.ஜி.பி. கூரையுள்ளதும் இல்லாததுமாக 18 ஆண்டில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளி வாசகசாலைக்குப் பிரெஞ்சு வாரப் பத்திரிகைகள் கப்பலில் மாதக்கணக்கில் தாமதமாக வரும். அதில் ரெனோ ஃப்ளோரிட் என்ற திறந்த காருக்கு பிரிஜித் பார்தோ விளம்பரம். நாங்கள் காரைத்தான் பார்த்தோம் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? காரின் நிறம் இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை.

வரிச் சட்டம் பெற்ற பிள்ளையைப் பாதுகாப்புச் சட்டம் கொல்லப் பார்த்தது. கவிழ்ந்தால் தலை என்னாகும் என்று அமெரிக்க அரசு 1960களில் கேட்க ஆரம்பித்தது. நியாயமான கேள்விதான். திறந்த கார்களையே தடை செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் போர்ஷ் கம்பெனி 1965இல் சீட்டுக்குப் பின்னால் இரும்பு வளைவு வைத்து 'டார்கா' என்று ஒரு வண்டியைக் காட்டியது. எம்.ஜி.பி.க்கு 1974இல் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, உயரத்தையும் தூக்கினார்கள். வேட்டி மேல் கோட்டு மாட்டின மாதிரி இருந்தது. 1976இல் காடிலாக் 'இதுதான் அமெரிக்காவின் கடைசித் திறந்த கார்' என்று சொல்லி விற்றது. மக்கள் வாங்கிக் கொட்டகையில் பூட்டிவைத்தார்கள். பயந்தபடி தடை வரவேயில்லை. 1984இல் அதே கம்பெனி மறுபடி திறந்த கார் விற்றபோது, பழைய ஆட்கள் கோபத்தில் வழக்குக்குப் போனார்கள். ஆபிங்டன் தொழிற்சாலை மட்டும் பிழைக்கவில்லை. 1980இல் கதவை மூடினார்கள்.

இங்கேதான் மஸ்டா வருகிறது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், 1979இல் ஜப்பானுக்குப் போனவர், மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் ஆங்கிலேயர் விட்டுப்போன அந்தச் சின்ன வண்டியை நீங்கள் செய்யுங்களேன் என்று சொன்னார். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 நின்றது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்குள் எடை, கையால் பின்னே தள்ளுகிற துணிக்கூரை. குதிரையும் வீரனும் ஓருடல் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சூத்திரம். 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. என் அக்கா மகன் இருபத்து மூன்று வயதுச் சிப்பாயாக 1990இல் துலோன் தெருவில் ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டானாம். முப்பத்தைந்து வருட ஆசை. இப்போது அந்த முதல் வருட வண்டிகள் முப்பது வயதைத் தாண்டிவிட்டதால், பிரான்சில் 'சேகரிப்பு வண்டி' என்று தனிப் பதிவு வாங்கலாம், தணிக்கையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் என்றான். இவனும் என்னைப் போலக் காகிதம் படிக்கிறவன்தான்.

"அப்புறம் என்னப்பா, மஸ்டாதான். பெஜோ எதுக்குக் கேக்குற?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்காக மாமா" என்றான்.

மச்சானுக்கு எண்பத்தேழு. பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஜிபூத்தி, ஜெர்மனி என்று மேலே துணி போட்ட லாரியிலேயே பாதி வாழ்க்கை. அக்கா போய் மூன்று வருடமாகிறது. அதிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. மூடின காரில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில் நுரையீரலில் ஒன்றுமில்லை. காற்று படுகிற மாதிரி ஒரு வண்டியில் கடற்கரையோரம் கூட்டிப் போகலாம் என்பது மகனின் யோசனை.

பெஜோவுக்கும் ஒரு கதை உண்டு. பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இரும்புக் கூரையை மடித்துப் பின்பெட்டிக்குள் வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் என்ஜினீயர் அல்ல, பல் டாக்டர். ஜோர்ஜ் போலேன், 1902இல் பாரிசில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கி, பூர்த்து என்ற வண்டி உடல் கட்டுபவரோடும், தார்ல்மா என்ற பெஜோ வியாபாரியோடும் சேர்ந்து, 1934இல் 401 எக்லிப்ஸ் என்ற காரைக் கொண்டுவந்தார். எக்லிப்ஸ் என்றால் கிரகணம். அடுத்து வந்த 402இல் கூரை முதலில் மின்மோட்டாரில் நகர்ந்தது, பிறகு கையால் தள்ளும்படி மாற்றினார்கள். போர் வந்தது. போலேன் ஜெர்மானியருக்கு எதிராக ஆங்கிலேயருக்கு உளவுத் தகவல் அனுப்பும் குழுவில் சேர்ந்தார். 1941இல் பிடிபட்டார். 1942 மார்ச் மாதம் பாரிஸ் பக்கம் மோன் வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கெல்னர் என்ற இன்னொரு வண்டி உடல் கட்டும் தொழில்காரரையும் அவரோடு சுட்டார்கள்.

அவருடைய யோசனையை 1957இல் அமெரிக்க ஃபோர்டு எடுத்துச் செய்தது. ஒரு கூரைக்கு நூற்றுக்கணக்கான அடி ஒயர், ஏழு மோட்டார். மூன்றே வருடத்தில் கைவிட்டார்கள். 1996இல் மெர்சிடிஸ் செய்தது, ஆனால் பணக்காரர்களுக்கு. பெஜோ 2000இல் 206 சி.சி.யைக் கொண்டுவந்தபோதுதான் பல் டாக்டரின் கூரை சாதாரணக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னால் இரண்டு கொக்கியைக் கையால் கழற்றிப் பொத்தானை அழுத்தினால் இருபது விநாடியில் கூரை பின்னால் போய்விடும். மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. பின்சீட் என்று ஒன்று உண்டு, பையை வைக்கலாம்.

ஓட்டுகிறவர்களைக் கேட்டால் 206ஐ விளையாட்டுக் கார் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். முன்சக்கரம் இழுக்கிற குடும்ப வண்டிக்குத் தொப்பி கழற்றியது என்பார்கள். அது சரிதான், மஸ்டாவோடு அதை ஒப்பிடவே முடியாது. நான் இரண்டு கதையையும் அவனிடம் சொல்லி, "பழைய மஸ்டா என்றால் கதவுக்குக் கீழே துருவைப் பார். சீட்டுக்குப் பின்னால் மழைநீர் வடியும் துளை அடைத்தால் அங்கேதான் அரிக்கும். பெஜோ என்றால் கூரையை ஐந்து தடவை திறந்து மூடச் சொல். எதுவானாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்த தணிக்கைத் தாள் இல்லாமல் பணத்தை எண்ணாதே. அதற்கெல்லாம் முன்னால் அப்பாவை இரண்டிலும் உட்கார வை" என்றேன்.

உட்கார வைத்தான். மஸ்டாவில் மச்சான் இறங்கிவிட்டார், அதாவது உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் அறுவை சிகிச்சை செய்தவை. "கிணறுடா இது, கயிறு கொண்டா" என்று சிரித்தாராம். மூன்று வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று அவன் சொன்னான். ஆனால் குரலில் அந்த முப்பத்தைந்து வருடமும் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்டாட்டி சொன்னாளாம், மஸ்டாவுக்கு அவசரம் என்ன, அது எங்கேயும் ஓடிவிடாது என்று. எண்பத்தேழு வயதைப் பற்றி அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

சாம்பல் நிற 206, 2004 வண்டி. சித்திரை மாதம் ஒரு ஞாயிறு, எஸ்தெரெல் மலையோரத்துக் கடற்கரைச் சாலையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். பின்னால் சிவந்த பாறை, கீழே கடல், கூரை திறந்திருக்கிறது. மச்சான் தலையில் பழைய பெரே தொப்பி. கழுத்தில் அக்காவுடைய நீலச் சால்வை, இரண்டு சுற்றுச் சுற்றி மீதி முனை கதவுக்கு வெளியே காற்றில் பறக்கிறது. "தம்பி, வண்டிய நிறுத்து! அந்த சால்வைய உள்ள செருகு!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மச்சான் நிதானமாக முனையை இழுத்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, "இவன் இன்னும் அந்த டான்ஸ்காரியையே நெனச்சிக்கிட்டு இருக்கான்" என்றார்.