காஸ்ட்ரின் மேல் விழுந்த பழி

இரைப்பைக்கு எப்போது அமிலம் சுரக்கணும்னு யார் சொல்வது? நரம்புதான் என்பது பாவ்லோவின் பதில். அதற்காக 1904-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். மறுவருடமே ஜான் சிட்னி எட்கின்ஸ் ராயல் சொசைட்டிக்கு ஒரு சின்ன அறிக்கை தருகிறார். இரைப்பையின் கடைசிப் பகுதிச் சவ்விலிருந்து எடுத்த சாற்றை மயக்க நிலையிலுள்ள பூனையின் ரத்தத்தில் செலுத்தினால் அமிலம் சுரக்கிறது. அதாவது, செய்தி ரத்தம் வழியாகவும் போகிறது. அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் காஸ்ட்ரின்.

பிறகு வந்தது ஹிஸ்டமின். பாவ்லோவின் பழைய மாணவர் போபியெல்ஸ்கி, அதை நாய்க்கு ஊசியாகப் போட்டால் அமிலம் கொட்டுவதை 1920-இல் வெளியிட்டார். எந்தத் திசுவை அரைத்தாலும் கொஞ்சம் ஹிஸ்டமின் வரும். அப்புறமென்ன, 'எட்கின்ஸின் சாற்றில் இருந்ததும் இதுதானே!' காஸ்ட்ரின் கிட்டத்தட்டச் செத்தே போனது. நியாயமான சந்தேகம்தான், ஆனால் சந்தேகத்தையே தீர்ப்பாக்கிவிட்டார்கள். 1938-இல் கொமாரோவ் ஹிஸ்டமினை நீக்கிய சாறும் வேலை செய்வதைக் காட்டினார். 1940-இல் எட்கின்ஸ் இறந்தார். லிவர்பூலில் கிரிகோரியும் ட்ரேசியும் பன்றி இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தது 1964-இல். பதினேழு அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி.

இங்கேதான் கதை எனக்குப் பிடித்த மாதிரி திரும்புகிறது. 1972-இல் ஜேம்ஸ் பிளாக் குழு ஹிஸ்டமினின் ஒரு ஏற்பியை அடைக்கும் மருந்தைக் காட்டியது. அது காஸ்ட்ரின் தூண்டிய அமிலத்தையும் குறைத்தது! ஏனென்றால் காஸ்ட்ரின் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் வேறொரு செல்லிடம்தான் பேசுகிறது. அந்த செல் ஹிஸ்டமினை வெளியே விட, அது அமில செல்லைத் தட்டி எழுப்புகிறது. அதோடு, ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவையும் காஸ்ட்ரின் முடுக்கிவிடுகிறது. கையிருப்பைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, அடுத்த சரக்குக்கும் தானே ஆர்டர் போடுகிற மாதிரி. எதனோடு குழப்பி ஒதுக்கினார்களோ, அதையே உற்பத்தி செய்ய வைக்கும் ஹார்மோன்.

இரைப்பையில் அமிலம் கூடினால் காஸ்ட்ரின் குறையும், குறைந்தால் கூடும். ஓமெப்ரசோல் அமில பம்பையே நிறுத்துகிறது இல்லையா, அப்போது ரத்தத்தில் காஸ்ட்ரின் ஏறும், அந்த மரபணுவும் சுறுசுறுப்பாகும். மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையைத் திடீர்னு விட்டால் சிலருக்குக் கொஞ்ச நாள் எரிச்சல் பழையபடி, சமயத்தில் அதற்கும் மேலே வருவது இதனால்தான்.