ஊவாத் தோட்டங்களும் கழுத்துக்கழலையும்: ஓமோன், உப்பு, புற்றுநோய் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் வரலாறு கோப்பி, தேயிலை, குடிப்பெயர்வு, 1948இன் குடியுரிமைப் பறிப்பு என்பனவற்றை அடியொற்றியே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. தொழிலாளரின் உடல் அவ்வரலாற்றில் உழைப்புச் சக்தியாக இடம்பெறுகின்றதேயன்றி, நோயுறும் உடலாக இடம்பெறுவது அரிது. தோட்ட மருத்துவத்தின் நோக்கும் அத்தகையதே. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கமும் வேலைநாட்களை விழுங்கிய நோய்களையே முதலிற் கண்டன. கழுத்தில் மெல்ல வளரும் கழலை கொழுந்து பறிக்கும் கையைத் தடுப்பதில்லை. எனவே அது கவனத்திற்கு உரியதாகவில்லை எனலாம்.

தைரொயிட்டுச் சுரப்பி தன் ஓமோனை ஆக்குவதற்கு அயடீன் வேண்டும். அது குறையுமிடத்து, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தூண்டும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கின்றது. ஓயாது தூண்டப்படும் சுரப்பி பருக்கின்றது. அயடீன் குறைந்த உணவில் நெடுங்காலம் வளர்க்கப்பட்ட எலிகளிற் கட்டிகள் தோன்றியமை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறியப்பட்டது. கழலையிலிருந்து புற்றுநோய்க்குச் செல்லும் வழி இதுவே என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கழலை மலைநாட்டின் நோய் என்பது பொதுவான நம்பிக்கை. 1986–87இல் 17 மாவட்டங்களில் ஏறத்தாழ 59,000 பாடசாலை மாணவரிடையே நடாத்தப்பெற்ற ஆய்வு இதனைப் பொய்ப்பித்தது. மொத்தத்தில் 18.8 வீதமானோரிடம் கழலை காணப்பட்டது. மிகக் கூடிய வீதமான 30.2, கடலோரக் களுத்துறைக்கு உரியது. மிகக் குறைந்த 6.5 வீதம் மாத்தளைக்கு உரியது. மண்ணில் அயடீன் இருந்தும் களியும் உக்கலும் அதனைப் பிணைத்து வைத்திருக்கலாமெனப் பேராதனைப் புவியிரசாயன ஆய்வாளர் விளக்கினர். அம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து பொதிமாட்டுத் தவளங்கள் ஊவாவுக்கு உப்பேற்றிய காலத்திலும் இக்குறை நீங்கியிராது. கடலுப்பில் இயல்பாக எஞ்சும் அயடீன் மிகச் சிறிது. சுவிற்சர்லாந்து 1922இலேயே உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கியது. இலங்கையில் அது கட்டாயமாக 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

கழலை குறைந்தால் புற்றுநோயும் குறையும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. வயதுக்கேற்பச் சீராக்கப்பட்ட கணக்கின்படி, தைரொயிட்டுப் புற்றுநோய் இலட்சம் பேருக்கு 2001இல் 2.44 ஆக இருந்து 2010இல் 5.16 ஆக உயர்ந்தது. உயர்ந்தது பெரும்பாலும் பப்பிலரி வகையே (1.81இலிருந்து 4.40). அயடீன் குறைவோடு கூடுதலாகத் தொடர்புபடுத்தப்படும் பொலிக்குலர் வகை அவ்வளவாக மாறவில்லை. நோயுற்றோரிற் பெரும்பான்மையினர் பெண்கள்.

ஓமோன் அளவு பற்றிய வாதமும் முடிந்தபாடில்லை. கழுத்துக்கட்டியுடையோரில் தூண்டும் ஓமோன் உயர உயரப் புற்றுநோய் வாய்ப்பும் உயர்வதாகப் பேர்மிங்காம் ஆய்வாளர் 2006இற் காட்டினர். 2009இல் ஐஸ்லாந்திலிருந்து வெளிவந்த மரபணு ஆய்வோ, புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் மரபுக்கூறுகளை உடையோரில் அவ்வோமோன் குறைவாயிருப்பதைக் கண்டது. கட்டி தோன்றுவது வேறு, தோன்றிய கட்டி வளர்வது வேறு என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் கூடியதையோ குறைந்ததையோ கொண்டு மட்டும் புற்றுநோயென அஞ்சுவதற்கு ஆதாரமில்லை.

இரட்டித்த எண்ணிக்கையை நோயின் பெருக்கமாக மட்டும் வாசித்தலும் தவறாகும். ஸ்கான் கருவியும் ஊசிப் பரிசோதனையும் பரவிய இடங்களில், முன்பு அறியப்படாதிருந்த சிறு கட்டிகளும் வெளிப்படுகின்றன. 1985இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு, பெரும்பாலும் சிகிச்சை நிலையங்களை வந்தடைந்தோரையே எண்ணியது. லயத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து மஹரகமைக்கும் செல்வதென்பது கொழுந்துக்காரிக்குப் பல நாட் பேர் இழப்பு. தோட்ட டிஸ்பென்சரியோடு திரும்பிய பெண்களின் கழுத்துக்கள் அக்கணக்கில் ஏறியிருக்க வழியில்லை.