சம்பு: இலை துவளுதல்

சம்பு, நன்னீர்க் கரைகளில் ஆளுயரத்துக்கும் மேலே வளரும் பல்லாண்டுத் தாவரம். சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் இது டைஃபா பேரினம். 1753இல் லின்னேயஸ் வகைப்படுத்திய பேரினங்களுள் ஒன்று. தமிழகக் குளங்களில் பெரிதும் காணப்படுவது டைஃபா டொமின்ஜென்சிஸ் என்ற இனம். பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரை வேறு குடும்பம். அதன் தண்டு முப்பட்டை. சம்பின் இலையோ நீண்ட பட்டை, தண்டின் உச்சியில் பழுப்புநிற உருளைக் கதிர்.

இளையரசனேந்தல் போன்ற சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில் தண்ணீர் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால் கண்மாய் பெருகும். பங்குனி, சித்திரையில் தரை தெரியும். அப்போது சம்பின் தோகை நுனியிலிருந்து பழுத்து, மடிந்து, சரியும். இது நோயன்று. மேலே காய்ந்தாலும் சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு கிடந்து அடுத்த மழையில் குருத்து விடும். கதிர் விட்ட தண்டும் அப்படித்தான்: ஒரு தண்டு ஒருமுறைதான் கதிர்விடும், பிறகு அதன் இலைகள் சாகும், பக்கத்தில் புதுத் தண்டு எழும். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்ட பிறகே மற்றக் காரணங்களைத் தேட வேண்டும். தொட்டியிலும் சிமென்ட் தாழியிலும் கழிவுநீர் வடிகட்டும் பாத்தியிலும் சம்பு வளர்ப்பவர்கள் பலர் இதைப் பார்க்காமல் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

இலை நிமிர்ந்து நிற்பது எப்படி

பச்சை இலை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே சதை குறைவு, காற்றறைகளே மிகுதி. நீளவாக்கில் ஓடும் நார்களும் குறுக்கே அமைந்த மெல்லிய தடுப்புகளும் அந்தக் கூட்டைத் தாங்குகின்றன. கத்தரிச் செடி வெயிலில் வாடி மாலையில் நிமிர்வது போல் சம்பு செய்யாது. ஒருமுறை மடிந்த இலை திரும்ப எழாது. காற்றறைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இளம் இலைகள் வழியாக உள்ளே போகும் காற்று கிழங்கு வரை இறங்கி, பழைய இலைகள், உடைந்த தண்டுகள் வழியாக வெளியேறுகிறது. ஆக்சிசன் இல்லாத சேற்றில் கிழங்கு உயிர்வாழ்வது இதனால்தான். எனவே இலை துவண்டால் பார்க்க வேண்டிய முதல் இடம் கிழங்கு.

காரணம் அறிதல்

கிழங்கைத் தோண்டி விரலால் அழுத்த வேண்டும். வெண்மையாகவும் கெட்டியாகவும் இருந்தால் செடி பிழைக்கும். கறுத்து, குழைந்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கிறது. உதிர்ந்த இலையும் சாணமும் தேங்கிய தண்ணீரில் மட்கும்போது உண்டாவது அது. தொட்டிச் சம்பு துவள்வதற்கு முக்கியக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு.

கிழங்கு நன்றாக இருந்து இலை நடுவில் மட்டும் முறிந்திருந்தால் காற்றின் வேலை. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலியது. யூரியா மிகுதியாகக் கொடுத்தாலோ நிழலில் வைத்தாலோ இலை நெடுநெடுவென மெலிந்து வளர்ந்து அந்தக் காற்றுக்கு நிற்காது. நடுக்குருத்து மட்டும் வாடி, இழுத்தால் கையோடு வந்து, அடியில் புழுவின் எச்சம் இருந்தால் தண்டு துளைப்பான். புதுக் குருத்து முறுக்கிக்கொண்டு வந்தால் பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லியைச் சந்தேகிக்கலாம். இலை பிசுபிசுத்தால் அசுவினி.

இளம் இலை நரம்பிடையே மஞ்சளாவது தனிக் கதை. சுண்ணாம்பு மிகுந்த கரிசலின் கார அமில நிலை பல இடங்களில் 8க்கு மேல். அங்கே இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இதனால் செடி மெலியும், உடனே சாயாது.

சரிசெய்தல்

அழுகிய கிழங்கை வெட்டி எறிந்து, மொட்டுள்ள வெள்ளைத் துண்டுகளை மட்டும் புது மண்ணில் நட வேண்டும். கண்மாய்க் கரம்பை நல்ல மண். மேலே ஒரு விரற்கடை சரளை பரப்பினால் கலங்காது. தனிக் கரிசல் காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும் என்பதால் தண்ணீர் வற்ற விடக் கூடாது. நடும்போது மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. தண்ணீர் போதும், இலை உயர உயர ஏற்றலாம்.

மடிந்த இலைகளைக் கழிக்கும்போது வெட்டுவாய் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். நீருக்கடியில் வெட்டினால் காற்றுப்பாதை அடைபட்டு கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். சம்பை ஒழிக்க நினைப்பவர்கள் கையாளும் முறையே அது. அவசரத்தில் கழிப்பவர்கள் இந்த ஒன்றில்தான் நல்ல செடியையும் இழக்கிறார்கள்.

துளைப்பான் கண்ட தண்டை அடியோடு எடுத்து எரிக்கலாம். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். இரும்புக் குறைவுக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளிப்பது வழக்கம். மீன் விட்ட தொட்டியில் தெளிப்புகள் வேண்டாம். தொட்டி முழுக்கக் கிழங்கு நெருங்கிவிட்டால் மழைக்கு முன் பிரித்து நடுவது நல்லது.

பிரித்தது போக மிஞ்சிய கிழங்கையும் முற்றிய கதிரையும் ஓடையிலோ கண்மாயிலோ வீசாதீர்கள். ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். வரத்துக்காலிலும் மடையிலும் சம்பு அடைத்துக்கொண்டால், பெய்கிற கொஞ்ச மழையும் கரிசல் கண்மாய்க்கு வந்து சேராது. வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.