ஐந்து, நான்கு, மூன்று: தோட்டத் தொழிலாளர் வேதனமும் பெண்ணுழைப்பின் மதிப்பும்

ஊதிய உயர்வுக் கோரிக்கை தொழிலாளர் இயக்க வரலாற்றின் மையப்பொருளாகும். எவ்வளவு கோரப்பட்டது, எவ்வளவு கிடைத்தது என்பன பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆயின் யாருடைய ஊதியம் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது என்ற வினா போதிய கவனம் பெற்றதில்லை. இலங்கைத் தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரை இவ்வினா முதன்மையானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்பு கொச்சிக்கடையை இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். புனித அந்தோனியார் தேவாலயத்தாற் பெயர் பெற்ற இப்பகுதி துறைமுகத்தை அண்டியது. மலைநாட்டுத் தேயிலை பெட்டிகளாகக் கப்பலேறியது இத்துறைமுகத்திலேயே. 1927ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். கோ. நடேசையர் ‘தேசபக்தன்’ பத்திரிகையைக் கொழும்பிலிருந்து நடத்திய காலமும் இதுவே. மூட்டை சுமப்போரும் நிலக்கரி அள்ளுவோரும் ஆண்கள். ஆகவே அங்கு எழுந்த குரல் இயல்பாகவே ஆண் தொழிலாளியின் குரலாயிற்று. ஆனால் அவர்கள் சுமந்த தேயிலைப் பெட்டிக்குள் இருந்த கொழுந்தைக் கொய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். துறைமுகத்தையும் தோட்டத்தையும் ஒரே உற்பத்திச் சங்கிலியின் இரு முனைகளாக நோக்கும்போதுதான் பிரச்சினையின் முழுமை புலப்படும்.

அதே 1927ஆம் ஆண்டிலேயே குறைந்தபட்ச வேதன (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச்சட்டம் நிறைவேறியது. தொழிலாளரைக் கடல்கடந்து அனுப்புவதைத் தனது 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தியிருந்த இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தல் இதன் பின்னணியில் இருந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி பின்வருமாறு அமைந்தது: மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இடைநாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30.

இவ்வெண்களை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பிரதேசத்துக்குப் பிரதேசம் கூலி வேறுபடுகிறது. விகிதமோ ஏறத்தாழ மாறவில்லை. தாழ்நாட்டில் அது துல்லியமாக ஐந்து, நான்கு, மூன்று என அமைகிறது. மற்றைய இரு பிரதேசங்களிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் நூற்றுக்கு 79 முதல் 80 வரை. சிறுவர் கூலி நூற்றுக்கு 59 முதல் 60 வரை. செய்யப்பட்ட வேலையை அளந்து கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக்குத்துதல், கொழுந்து பறித்தல் என வேலைவகை தோறும் அது வேறுபட்டிருக்க வேண்டும். அவ்வாறன்றி ஆண், பெண், சிறுவர் என்றே அட்டவணை வகுக்கப்பட்டது. அளக்கப்பட்டது உழைப்பன்று, உழைப்போரின் குடும்ப நிலையே என்பது இதனாற் பெறப்படும்.

பெண்களின் வேலை இலகுவானது என்ற வாதம் இதற்குச் சமாதானமாகாது. தேயிலைத் தொழிலின் உயிர்நாடி கொழுந்து பறித்தலே. மழையிலும் பனியிலும் செங்குத்தான சரிவில் கூடையைச் சுமந்து நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் விரல்களின் திறனிலேயே தேயிலையின் தரம் தங்கியுள்ளது. அத்திறன் பெண்ணின் இயல்பு எனப் புகழப்பட்டது. இயல்பு எனக் கூறப்பட்டமையாலேயே அது பயிற்சி பெற்ற தொழிலாகக் கணிக்கப்படவில்லை.

இயந்திரத் தொழில் குடும்பம் முழுவதையும் சந்தைக்கு இழுத்து, தந்தை ஒருவரின் உழைப்புச் சக்தியின் விலையைக் குடும்ப உறுப்பினர் அனைவர்மீதும் பகிர்ந்துவிடுகிறது என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் விளக்கியுள்ளார். கங்காணி முறையின் கீழ்க் குடும்பமாகவே ஆட்சேர்ப்பு நடைபெற்ற இலங்கைத் தோட்டங்கள் இதற்குத் தக்க உதாரணமாகும். கணவன் காப்பாற்றுவான் என்பதால் மனைவிக்குக் கூலி குறைவு. மனைவியும் உழைக்கிறாள் என்பதால் கணவனுக்குக் குடும்பத்தைக் காக்கப் போதிய கூலி இல்லை. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு நியாயங்களும் முதலாளிக்கு ஒருங்கே பயன்பட்டன. கணவனை இழந்து பிள்ளைகளுடன் நின்ற பெண்ணுக்கும் அதே 43 சதமே. அவள் விடயத்தில் அந்நியாயத்தின் பொய்ம்மை வெளிப்படையாகிறது.

தொழிற்சங்கங்கள் இவ்விகிதத்தை எவ்வாறு எதிர்கொண்டன? 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டிக் கூலி குறைக்கப்பட்டபோது, நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டுகள் இயற்றியும் மேடைகளிற் பாடியும் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். கூலிக் கோரிக்கைக்குப் பெண்ணொருவர் குரல் கொடுத்த இந்நிகழ்வு வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டும். எனினும் அன்றைய உடனடித் தேவை இருந்ததைக் காப்பதே. ஆண்கூலிக்கும் பெண்கூலிக்கும் இடைப்பட்ட வேறுபாடு அதன் பின்னரும் அரை நூற்றாண்டு நீடித்தது. விகிதத்தைத் தொடாத உயர்வு சமத்துவத்தை நோக்கிச் செல்லாது. 54, 43 என்ற கூலிகளுக்கு நூற்றுக்குப் பத்து உயர்வு கிடைப்பதாகக் கொண்டால், 11 சதமாக இருந்த இடைவெளி 12.1 சதமாகும். உயர்வும் கிடைக்கிறது, ஏற்றத்தாழ்வும் வளர்கிறது.

சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 100ஆம் சமவாயம் 1951இல் உருவாயிற்று. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடைசெய்தது. இருந்தும் தோட்டங்களிற் சமகூலி ஏற்பட்டது 1984ஆம் ஆண்டு ஏப்ரல் வேலைநிறுத்தத்தை அடுத்தே. இலங்கை அச்சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியதோ 1993இல். போராட்டம் முன்செல்ல, சட்டம் பின்தொடர்ந்தது.

1984இன் வெற்றி பெறுமதி வாய்ந்தது. ஆயின் அதனை இறுதி வெற்றியாகக் கொள்வது இயங்கியல் நோக்குக்குப் பொருந்தாது. கூலி வீதத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏற்றத்தாழ்வு வேலைநாளின் நீளத்துட் புகுந்துகொண்டது. கணக்கு வேலை செய்யும் ஆண்கள் பெரும்பாலும் பிற்பகலின் முற்பகுதியிலேயே வேலையை முடித்துவிடுவர். பெண்களோ மாலைநேரக் கொழுந்து நிறுவை வரை மலையில் நிற்பர். குறித்த இறாத்தல் குறைந்தால் ‘அரைப்பேர்’. மலையக வாய்மொழிப் பாடல்களில் ஆழப் பதிந்துள்ள இச்சொல்லின் பொருள் அரைநாட் கூலி மட்டுமன்று. உழைத்த நாளிற் பாதி ஏட்டிலிருந்து அழிக்கப்படுவதாகும். பெண்களின் கூலியைக் குடும்பத்து ஆண்களே பெற்றுக்கொள்ளும் வழக்கத்தையும், வீட்டுவேலையின் முழுச்சுமையும் பெண்கள்மீது விழுவதையும் ரேச்சல் குரியனின் 1982ஆம் ஆண்டு ஆய்வு சுட்டிக்காட்டியது. சமகூலி இவற்றைத் தானாகவே மாற்றிவிடவில்லை.

2021இல் சம்பளச் சபை நிர்ணயித்த 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு முன்பின்னாக நிகழ்ந்த விவாதங்களிலும் தொகையே முதன்மை பெற்றது. தொகை அவசியமானது, அதனை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் ஒரு நாட்சம்பளத்துக்கு எத்தனை மணிநேரம், எத்தனை கிலோ, யாருடைய நாள் என்ற வினாக்கள் அத்தொகையோடு சேர்த்து எழுப்பப்பட வேண்டும். ஐந்து, நான்கு, மூன்று என்ற கணக்கைக் கூலிப்பட்டியலிலிருந்து நீக்க 1929 முதல் 1984 வரை 55 ஆண்டுகள் சென்றன. அதனை வேலைநாளிலிருந்தும் வீட்டிலிருந்தும் நீக்குவது எஞ்சியுள்ள பணியாகும். கொழுந்து பறிக்கும் பெண்கள் கோரிக்கையை ஆதரிப்போராக மட்டுமன்றி அதனை வகுப்போராகவும் சங்கங்களில் இடம்பெறும்போதே அப்பணி தொடங்கும்.