அப்புக்காத்தும் பிரக்கிராசியும்



கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்களை, 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவராகவே நம்மிற் பலர் அறிவர். அவர் சிலாபத்திலே நீதிபதியாகவும் அமர்ந்திருந்தார். அக்கால நீதிமன்றங்களில் நியாயம் உரைக்க அப்புக்காத்து என்றும், கட்சிக்காரனிடம் கைச்சாத்துப் பெற்று வழக்கை நடத்தப் பிரக்கிராசி என்றும் இரு வகையினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் இருவரையும் 'சட்டத்தரணி' என ஒரே பெயரில் அடக்கிற்று.

அவர் தவறு இழைத்தால் யாது வழி?

வழி இரண்டுண்டு. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின்படி, வஞ்சகமோ முறைகேடோ குற்றமோ செய்தவரை உயர் நீதிமன்றம் தொழிலினின்று இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். ஆயினும், அதனால் இழந்த காணி மீளாது. இழப்புக்கு ஈடு வேண்டுவோன் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே தனி வழக்கிடல் வேண்டும். இங்கிலாந்திலோ, மன்றில் வாதிடுகையில் நேர்ந்த கவனயீனத்திற்காக வழக்கறிஞர்மீது வழக்கிடலாகாது என்ற பழைய விதியைப் பிரபுக்கள் சபை 1967இல் உறுதிசெய்து, 2000ஆம் ஆண்டிலேதான் கைவிட்டது!

வழக்குத் தோற்றமை மட்டும் சட்டத்தரணியின் பிழையாகாது. தேர்ச்சியுள்ள ஒருவர் காட்டவேண்டிய கவனத்தை அவர் காட்டவில்லை என்பதையும், காட்டியிருப்பின் இழப்பு நேர்ந்திராது என்பதையும் மெய்ப்பித்தல் வேண்டும். பின்னதே கடினம், வழக்கினுள் ஒரு வழக்கு அது.

புத்தளக் கரையோரத்துத் தென்னங்காணிகளை எண்ணிப் பாருங்கள். பிரிக்கப்படாத பங்குகளாகவே அவற்றுட் பல கைமாறி வருவன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிக் காணி விற்பனை செல்லாது. 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படியோ, முந்திய உறுதி பதியப்படாதிருக்க, பின்னர் விலைகொடுத்து வாங்கியவன் தன் உறுதியை முந்திப் பதிந்தால் அவனே முன்னிற்பான். பதிந்து தருவதாக ஏற்றவர் வாளாவிருப்பாராயின், பெட்டியிலே உறுதியைப் பூட்டிவைத்த மீனவனுக்கு என்ன மிஞ்சும்? பங்கீட்டு வழக்கில் ஒரு பங்காளியின் பெயர் விடுபடுதல் இன்னும் கொடிது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த தீர்ப்பு, வழக்கில் சேராதவனையும் பெரும்பாலும் கட்டுப்படுத்தும்.

காலவரையறையும் உண்டு. 1871ஆம் ஆண்டுச் சட்டம் நட்டஈட்டு வழக்கிற்கு இரண்டு ஆண்டும், எழுதாத ஒப்பந்தத்திற்கு மூன்று ஆண்டும் வகுத்துள்ளது. பிழையோ பல ஆண்டு கழித்தே வெளிப்படுகிறது.

எழுத்திலே ஒன்றும் வாங்கவில்லையே என்று மனந்தளர்வார் உளர். சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரம் கட்சிக்காரனின் கைச்சாத்துடன் மன்றிலே கோவையிடப்படல் வேண்டும் என்பது 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைக் கோவையின் விதி. வழக்கேட்டைப் புரட்டினால் அத்தாள் அங்கே இருக்கும்.